பிள்ளையின் வழக்குக்கு ஒரு விலை: பந்தயச் சந்தை எப்படி இயங்குகிறது?

ஹொலிவூட் தம்பதி ஒன்று பிரிகிறது. பிள்ளைகள் யாரிடம் வளர்வது, அதாவது கட்டுக்காப்பு யாருக்கு என்று வழக்கு நடக்கிறது. இப்படியான செய்திகளோடு இப்போது ஓர் எண்ணும் சேர்ந்து வரத் தொடங்கியிருக்கிறது: 'தாய்க்குக் கட்டுக்காப்பு கிடைக்கும் வாய்ப்பு 63 சதவீதம்' என்பது போல. வெள்ளவத்தையில் உயர்தரப் பொருளியல் படிக்கும் மாணவர்கள் கைபேசியை நீட்டி, இதை யார் கணக்கிட்டார்கள் என்று கேட்கிறார்கள். நீதிபதியா, சட்டத்தரணியா, கணினியா? எவருமில்லை. அது கணிப்பு போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு விலை. முன்பின் அறியாத சிலர் பணம் போட்டதால் உண்டான விலை. அந்த விலை எப்படிப் பிறக்கிறது, எங்கே அதை நம்பலாம், பிள்ளையின் வழக்கில் ஏன் நம்பக்கூடாது, அதற்கும் மேலாக ஏன் அப்படியொரு சந்தையே இருக்கக்கூடாது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

63 என்பது என்ன?

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நடிகை, அவரைப் பிரிந்த கணவர், இரண்டு பிள்ளைகள். 'டிசம்பர் 31க்கு முன் நீதிமன்றம் தாய்க்கு முழுக் கட்டுக்காப்பு வழங்குமா?' என்று ஓர் இணையப் பந்தயத் தளம் கேள்வி எழுப்புகிறது. அந்தக் கேள்வியை ஒட்டி இரண்டு ஒப்பந்தங்கள் விற்பனைக்கு வருகின்றன. நீதிமன்றம் அப்படி வழங்கினால் 'ஆம்' ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு 100 ரூபாய் கிடைக்கும். வழங்காவிட்டால் எதுவும் கிடைக்காது. 'இல்லை' ஒப்பந்தம் இதற்கு நேரெதிர். உண்மையான தளங்களில் ஒப்பந்தம் ஒரு டொலருக்கும் விலை சதக் கணக்கிலும் இருக்கும். நமக்கு 100 ரூபாய் வசதியானது.

ஒருவர் 'ஆம்' ஒப்பந்தத்தை 63 ரூபாய்க்கு வாங்க முன்வருகிறார். வேறொருவர் 'இல்லை' ஒப்பந்தத்துக்கு 37 ரூபாய் தருகிறார். இரண்டும் சேர்ந்தால் 100. அந்தப் பணம் தளத்திடம் முடங்கி, தீர்ப்பு வரும் நாளில் ஒருவருடைய கைக்குப் போகும். தாய் வெல்லும் வாய்ப்பு 70 சதவீதம் என்று கருதுபவருக்கு 63 ரூபாய் மலிவு. அவருடைய கணக்கில் பத்துத் தடவையில் ஏழு தடவை 37 ரூபாய் இலாபம், மூன்று தடவை 63 ரூபாய் நட்டம். சராசரியாக ஓர் ஒப்பந்தத்துக்கு 7 ரூபாய் மிஞ்சும். ஆகவே அவர் வாங்குவார், விலை ஏறும். வாய்ப்பு 50 சதவீதம்தான் என்று கருதுபவர் விற்பார், விலை இறங்கும். வாங்குபவர்களும் விற்பவர்களும் எந்த இடத்தில் சமநிலைக்கு வருகிறார்களோ அந்த இடம்தான் 63. அதைத் தளம் சதவீதக் குறியோடு காட்டுகிறது. படிப்பவர் அதை வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

கொழும்பில் பந்தயம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது புக்கி கடை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கிருந்து பணம் கட்டும் இடம். அங்கே நடப்பது வேறு. புக்கிதான் விகிதத்தை வைக்கிறார். நீங்கள் அவரோடு மோதுகிறீர்கள். இரண்டே முடிவுள்ள ஒரு போட்டியில் ஒரு பக்கத்துக்கு 1.60, மறுபக்கத்துக்கு 2.20 என்று அவர் விகிதம் வைத்தால், 100ஐ அந்த எண்களால் வகுத்துப் பாருங்கள்: 62.5, 45.45. கூட்டினால் கிட்டத்தட்ட 108. நூறுக்கு மேலே இருக்கும் அந்த எட்டுத்தான் அவருடைய பிழைப்பு. பந்தயச் சந்தையில் நீங்கள் மோதுவது இன்னொரு பந்தயக்காரரோடு. தளம் நடுவில் நின்று தரகு எடுத்துக்கொள்கிறது. யார் வென்றாலும் தளத்துக்குக் கவலையில்லை. அதனால்தான் அது கேள்விகளைப் பெருக்கிக்கொண்டே போகிறது. தேர்தல், வட்டி வீதம், கிரிக்கெட், பிரபலங்களின் திருமணம் என்று நீளும் வரிசையில் பிள்ளைகளின் வழக்கும் வந்து சேர்கிறது.

மாட்டைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும்

இந்த விலைக்கு இருக்கும் மதிப்பு சும்மா வந்ததல்ல. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டை நிறுத்தி, அறுத்துத் துப்புரவாக்கியபின் அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். எழுதிப் போடப்பட்ட 787 சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் பின்னர் பெற்று வரிசைப்படுத்தினார். நட்டநடுவில் நின்ற ஊகம் 1,207 இறாத்தல். உண்மை எடை 1,198 இறாத்தல். தனித்தனியே பிழைத்த மனிதர்கள் கூட்டாகச் சரியாக ஊகித்திருந்தார்கள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988இல் இதே எண்ணத்தைச் சந்தையாக்கியது. ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு எவ்வளவு வாக்கு என்பதைச் சிறு தொகைக்கு வாங்கி விற்கவிட்டார்கள். ஒருவர் போடக்கூடிய உச்சத் தொகை 500 டொலர். கல்விக்கான முயற்சி அது. பல தேர்தல்களில் அந்த விலைகள் கருத்துக்கணிப்புகளோடு ஒப்பிடத்தக்கவையாக இருந்தன. பின்னர் வந்த வணிகத் தளங்கள் பெருந்தொகைக்குப் போயின. 2024 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு பொலிமார்க்கெட் என்ற ஒரே தளத்தில் மட்டும் 300 கோடி டொலருக்கும் மேலாக வாங்கல் விற்றல் நடந்தது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிளிமத்தில் சீட்டு எழுதியவர்கள் மாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களில் விவசாயிகளும் இறைச்சி வெட்டுபவர்களும் இருந்தார்கள். சீட்டுக்குப் பணம் கொடுத்ததால் கவனமாக ஊகித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. தேர்தலிலும் அப்படித்தான்: அம்பாறையில் இருப்பவருக்குத் தன் ஊர் தெரியும், கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்குத் தன் தெரு தெரியும். சிதறிக் கிடக்கும் சிறு சிறு அறிவை விலை ஒன்றுசேர்க்கிறது. சேர்ப்பதற்கு வெளியே அறிவு இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனை.

பிள்ளையின் கட்டுக்காப்பு வழக்கில் அறிவு எங்கே இருக்கிறது? நமது நாட்டையே பாருங்கள். மணமுறிவோடு வரும் கட்டுக்காப்புக் கேள்வியை மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கிறது. கொழும்பில் என்றால் புதுக்கடை. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கக்கூடும். உளநல மருத்துவரின் அறிக்கை வரக்கூடும். பிள்ளை ஓரளவு வளர்ந்திருந்தால் நீதிபதி தன் அறைக்கு அழைத்து, தாயும் தகப்பனும் இல்லாமல் பேசுவதுண்டு. தீர்ப்பை நிர்ணயிப்பவை இவைதான். வெளிநாட்டுப் பிரபலங்களின் வழக்கிலும் பெயர்கள் மாறுமே தவிர வகை மாறாது: மருத்துவ அறிக்கை, வீட்டு நிலை, பிள்ளையின் சொல், பெற்றோரின் நடத்தை. அநேகமாக எல்லாம் முத்திரையிட்ட கோப்பில் இருக்கும்.

வெளியே இருப்பவருக்குக் கிடைப்பது வேறு. விமானநிலையத்தில் எடுத்த ஒரு படம். 'குடும்பத்துக்கு நெருக்கமானவர்' என்ற பெயரில்லாத வாய் சொன்ன ஒரு வரி. இரு தரப்பும் கூலிக்கு வைத்திருக்கும் விளம்பர ஆட்கள் கசியவிடும் கதை. ஆயிரம் பேர் பணம் போட்டாலும் அந்த ஆயிரம் பேரும் பார்த்தது ஒரே படத்தை. ஒரே வதந்தியை ஆயிரம் தடவை கூட்டினால் அது ஆயிரம் தகவலாகிவிடாது. ஆகவே இந்த 63, கால்டன் கண்ட 1,207 அல்ல. மாட்டைப் பார்க்காதவர்களின் ஊகங்கள் எத்தனை சேர்ந்தாலும் அவற்றுக்கு எடையில்லை.

அப்படியானால் சில வேளை அந்த விலை திடீரென்று பாய்ந்து, பிறகு அதேபோலத் தீர்ப்பு வருகிறதே என்று கேட்கலாம். வரலாம். மூடிய கோப்பைப் பார்த்த ஒருவர் வந்து வாங்கினால் விலை பாயும். யார் அந்த ஒருவர்? சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர், நீதிமன்ற எழுதுவினைஞர், மருத்துவரின் உதவியாளர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, வாகன ஓட்டுநர். இவர்கள் ஒவ்வொருவரும் வாய்திறக்கக்கூடாத கடமை உள்ளவர்கள். சந்தை அவர்களிடம், மௌனத்தை உடைத்தால் பணம் தருகிறேன் என்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையில் நிறுவனத்தின் உள்தகவலை வைத்து வாங்கி விற்பது 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ் குற்றம். அமெரிக்காவில் உரிமம் பெற்ற பந்தயச் சந்தைகளும் உள்தகவலாளர்களைத் தடுக்கும் விதிகளை வைத்திருக்கின்றன. ஆனால் பெயர் சொல்லாமல் கிரிப்டோ என்ற இணைய நாணயத்தில் வாங்கும் இடத்தில் ஆயாவின் மைத்துனனை யார் கண்டுபிடிப்பது?

இங்கேதான் இந்தச் சந்தையின் உள்முரண் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. விலை பொய்யாக இருந்தால் அது வதந்தியின் விலை. உண்மையாக இருந்தால் யாரோ ஒருவர் ஒரு பிள்ளையின் இரகசியத்தை விற்றிருக்கிறார். மூன்றாவது வழி மிக ஒடுக்கமானது.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய கேள்விகளில் பணம் போடுபவர்கள் சிலர்தான். மெலிந்த சந்தையில் ஒருவர் சற்றுப் பெரிய தொகையோடு நுழைந்தால் விலை 63இலிருந்து 80க்கு ஏறிவிடும். 'தாய் வெல்வார் என்று சந்தை சொல்கிறது' என்ற தலைப்பை உருவாக்க விரும்பும் விளம்பர ஆளுக்கு அது மலிவான விளம்பரம். தலைப்பைப் பார்த்தவர்கள் மேலும் வாங்குவார்கள். எண் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்வது போலத் தோன்றும்.

'யாருக்கு' என்று கேட்பது எளிது

பந்தயத்தில் ஈடுபடுபவர் முதலில் படிக்க வேண்டியது விலையை அல்ல, கேள்விக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் தீர்வு விதியை. எந்த ஆவணம், எந்த நாள், எந்தச் சொல் வந்தால் 'ஆம்' என்று கொள்ளப்படும் என்பது அங்கேதான் இருக்கும். குதிரைப் பந்தயத்தில் இது சிக்கலே இல்லை. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் ஓடும் குதிரைகளில் ஒன்று முதலில் கோட்டைத் தாண்டும், அவ்வளவுதான். பிள்ளையின் வழக்குக்கு அப்படியொரு கோடு கிடையாது.

அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ், அவருடைய கணவர் கெவின் ஃபெடர்லைன் வழக்கு உலகமே பார்த்தது. பொதுவில் பதிவான நாட்களை மட்டும் அடுக்குகிறேன். 2006 நவம்பரில் மணமுறிவு கோரப்பட்டது. 2007 ஜூலையில் அது முடிந்தது. 2007 ஒக்டோபர் 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்கும்படி உத்தரவிட்டது. அது இடைக்கால உத்தரவு. 2008 ஜனவரியில் தாயின் வீட்டில் பொலிஸார் தலையிட்ட ஒரு சம்பவத்தின்பின் அவர் பிள்ளைகளைச் சந்திக்கும் உரிமையும் நிறுத்தப்பட்டது. சில வாரங்களில் கண்காணிப்போடு சந்திக்கும் உரிமை திரும்பியது. 2008 ஜூலையில் இரு தரப்பும் இணங்கி, தகப்பனுக்கு முழுக் கட்டுக்காப்பு, தாய்க்குச் சந்திக்கும் உரிமை என்று முடிந்தது.

இந்த வழக்குக்கு 'தாய் கட்டுக்காப்பை இழப்பாரா?' என்று ஓர் ஒப்பந்தம் எழுதியிருந்தால் அது எந்த நாளில் தீர்ந்திருக்கும்? ஒக்டோபரில் என்று ஒருவர் சொல்வார். அது இடைக்காலம்தானே, ஜூலையில் என்று மற்றவர் சொல்வார். நீதிபதி தீர்க்கவில்லை, அவர்களே இணங்கினார்கள், ஆகவே 'நீதிமன்றம் வழங்குமா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று மூன்றாமவர் வாதாடுவார். கலிபோர்னியாச் சட்டம் வேறு கட்டுக்காப்பை இரண்டாகப் பிரிக்கிறது. பிள்ளையின் படிப்பு, மருத்துவம் போன்றவற்றைத் தீர்மானிக்கும் உரிமை ஒன்று. பிள்ளை யாருடைய வீட்டில் வாழ்கிறது என்பது மற்றொன்று. ஒன்றைச் சமமாகப் பகிர்ந்து மற்றொன்றை ஒருவருக்கே கொடுப்பதும் உண்டு. வாரத்தில் நான்கு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்பதும் உண்டு. நல்ல நீதிபதி தேடுவது இந்த இடைநிலைகளைத்தான். வெற்றி தோல்வி என்று பிளக்கும் கேள்வி, வழக்கின் நோக்கத்தையே தலைகீழாக்கிவிடுகிறது.

காலமும் விலையைக் கெடுக்கிறது. இதை உயர்தர மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். வங்கியில் நிலையான வைப்புக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டின் முடிவில் நிச்சயமாக 100 ரூபாய் தரும் ஒப்பந்தத்துக்கு இன்று எவ்வளவு கொடுப்பீர்கள்? 92 ரூபாய் 60 சதத்துக்கு மேல் கொடுத்தால் வங்கியே மேல். அதாவது நூறு வீதம் நிச்சயமான ஒன்றும் சந்தையில் 93 சதவீதம் என்றுதான் தெரியும். வழக்கு இழுபடும் அளவுக்கு இந்த இடைவெளி பெருகும். ஹொலிவூட் நடிகர்கள் ஏஞ்சலினா ஜோலி, பிராட் பிட் மணமுறிவு வழக்கு 2016 செப்டெம்பரில் தொடங்கி 2024 டிசம்பர் 30இல் முடிந்தது. இடையில் 2021 மே மாதம் கட்டுக்காப்புப் பற்றி ஒரு தற்காலிகத் தீர்மானம் வந்தது. ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதை வழங்கிய நீதிபதியையே, இரு தரப்பும் பணம் கொடுத்து அமர்த்திய தனியார் நீதிபதி அவர், வழக்கிலிருந்து விலக்கியது. வழக்கு முடிந்தபோது ஆறு பிள்ளைகளில் நால்வர் 18 வயதைக் கடந்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை கட்டுக்காப்பு என்ற கேள்வியே இல்லாமல் போயிருந்தது.

63 சதவீதம் சரியா பிழையா என்று சோதிக்கவும் வழியில்லை. 63 என்று விலை நின்ற நூறு கேள்விகளை எடுத்து, அவற்றில் ஏறக்குறைய 63 நடந்தனவா என்று எண்ணினால்தான் தெரியும். மழை வருமா, வட்டி வீதம் கூடுமா என்பவற்றில் அப்படி எண்ணலாம். பிரபலங்களின் கட்டுக்காப்பு வழக்குகளோ மிகச் சில. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை.

பந்தயத்துக்கு ஆளானவர்

இதுவரை சொன்னவை விலை சரியா என்ற கேள்வி. விலை மிகச் சரியாகவே இருந்தாலும் எனக்கு இந்தச் சந்தை ஏற்புடையதல்ல. அதற்கான காரணத்தை லண்டனில் ஒரு நீதிபதி 1778இலேயே சொல்லிவிட்டார்.

அந்நாளில் ஷெவலியே தெயோன் என்ற பிரெஞ்சு இராஜதந்திரி லண்டனில் வாழ்ந்தார். அவர் ஆணா பெண்ணா என்ற பேச்சு நகரெங்கும் பரவி, அதன்மீது பெருந்தொகைக்குப் பந்தயங்கள் குவிந்தன. காப்புறுதிப் பத்திரம் போல எழுதி விற்றார்கள். பணம் கொடுக்காதவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். டா கொஸ்டா எதிர் ஜோன்ஸ் என்ற வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு இத்தகைய பந்தயத்தை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தாது என்றார். பந்தயம் கட்டிய இருவருக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதரின் அந்தரங்கத்தை அது பொதுவில் இழுக்கிறது, அவருடைய சம்மதமின்றி அவருடைய நிம்மதியைக் குலைக்கிறது என்பதே அவர் காட்டிய காரணத்தின் சாரம். பந்தயம் பொதுவாகத் தவறு என்று அவர் சொல்லவில்லை. ஒரு மனிதரைப் பந்தயப் பொருளாக்குவதைத்தான் மறுத்தார்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1774இல், பிரித்தானியப் பாராளுமன்றம் வேறொரு வாசலை அடைத்திருந்தது. தனக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் உயிர்மீது காப்புறுதி எடுத்து, அவர் இறப்பாரா என்று காத்திருக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அந்த உயிரில் உண்மையான நலன் உள்ளவர் மட்டுமே காப்புறுதி எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. கணவனின் உயிர்மீது மனைவி எடுக்கலாம். தெருவில் போகிறவர் எடுக்கக்கூடாது. காப்புறுதியையும் சூதையும் பிரிக்கும் கோடு அங்கேதான் விழுந்தது.

நம் காலத்திலும் எல்லை மீறிய முயற்சிகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவு ஒன்று மத்திய கிழக்கின் அரசியல் நிகழ்வுகள்மீது சந்தை நடத்தத் திட்டமிட்டது. தலைவர்களின் கொலையும் அதில் உதாரணமாகக் காட்டப்பட்டிருந்தது. 2003 ஜூலையில் இரண்டு செனட்டர்கள் அதை வெளிக்கொணர்ந்ததும் திட்டம் உடனே கைவிடப்பட்டது. 2010இல் வந்த அமெரிக்கச் சட்டம், பயங்கரவாதம், படுகொலை, போர் போன்றவை தொடர்பான ஒப்பந்தங்கள் பொதுநலனுக்கு எதிரானவை என்றால் அவற்றைத் தடுக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் பிள்ளைகள் இல்லை. அதே ஆணையம் 2022 ஜனவரியில் பொலிமார்க்கெட்டுக்கு 14 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. அது பதிவின்றி இயங்கியதற்காக. கேள்விகளின் தன்மைக்காக அல்ல.

பிள்ளைகள் இந்தப் பந்தயத்துக்குப் புதியவர்களும் அல்லர். 2007 பெப்ரவரியில் அமெரிக்க விளம்பர அழகி அனா நிக்கோல் ஸ்மித் இறந்தபோது அவருடைய கைக்குழந்தைக்குத் தகப்பன் யார் என்று பலர் உரிமை கோரினார்கள். இணையப் பந்தய நிறுவனங்கள் உரிமை கோரியவர்களின் பெயர்களுக்கு விகிதம் வைத்தன. ஏப்ரல் 10ஆம் திகதி பஹாமாஸ் தீவில் மரபணுச் சோதனை முடிவு வந்தது. தாயை இழந்து சில வாரங்களே ஆன ஒரு குழந்தையின் பிறப்பு, அதற்குப் பேசத் தெரியும் முன்னரே பந்தயப் பட்டியலில் இருந்தது. அந்தக் குழந்தையின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. இந்தக் கட்டுரையில் எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லாததற்கும் அதுவே காரணம்.

குதிரைக்குத் தன்மீது வைத்த விகிதம் தெரியாது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கைபேசி அதன் கையில் இருக்கிறது. இல்லாவிட்டால் வகுப்பில் பக்கத்திலிருக்கும் பிள்ளையின் கையில் இருக்கிறது. அம்மாவிடம் போவதற்கு 63 சதவீத வாய்ப்பு என்று சந்தை சொல்கிறது என்று அது கேட்க நேர்கிறது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளை தன் கருத்தைச் சொல்ல உரிமை உள்ளது என்கிறது. ஆகவேதான் நீதிபதி பிள்ளையிடம் கேட்கிறார். நீதிபதியின் அறைக்குள் போகும் பிள்ளை, வெளியே தன் பதிலுக்காகப் பணத்தோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்தபடி போனால் அது சொல்லும் சொல் யாருடையது? மாட்டின் எடையைச் சந்தை மாற்றாது. பிள்ளையின் சொல்லை மாற்றும். அதே சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. இலங்கை 1991இல் இதை ஏற்று உறுதிப்படுத்தியது.

பெற்றோரும் தப்புவதில்லை. நடுவர் முன் இணங்கிப் போகலாமா என்று ஒரு தகப்பன் யோசிக்கிறார். வெல்லும் வாய்ப்பு தனக்கு 70 என்று திரை சொன்னால் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றும். மறுபக்கத்தில் 30 என்று பார்க்கும் தாய் பதறி, செய்யக்கூடாததைச் செய்யலாம். பிள்ளையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்குகள் எத்தகைய பதற்றத்தில் நடக்கின்றன என்பதை அறிந்த நாடு இது. அதற்கான ஹேக் சமவாயத்தில் இணைந்து 2001இலேயே தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறோம். புலம்பெயர்ந்த குடும்பங்கள் நிறைந்த நம் சமூகத்தில் தாய் டொரொண்டோவிலும் தகப்பன் தெஹிவளையிலும் இருக்கும் வழக்கு அபூர்வமல்ல.

கொழும்பிலிருந்து பார்க்கும்போது

வெளிநாட்டுத் தளத்தில் கிரிப்டோவில் போட்ட பணம் திரும்பாவிட்டால் புதுக்கடைக்குப் போய் அதை மீட்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். தீர்வு விதியில் தகராறு வந்தால் தீர்ப்பவர் அந்தத் தளம் அல்லது அது தகராறுகளைத் தீர்க்கப் பயன்படுத்தும் கிரிப்டோ நாணயத்தை அதிகம் வைத்திருப்பவர்கள். இதை மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. பந்தயச் சந்தை இயங்கும் விதத்தைப் படிக்க விரும்புபவருக்குப் பணம் போடவே தேவையில்லை. மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை அறிவிக்கும் நாளுக்கு முன் வகுப்பில் தாள் ஒப்பந்தங்களை எழுதி, வாங்கி விற்றுப் பாருங்கள். பணவீக்கம், டொலரின் பெறுமதி, எரிபொருள் விலை எல்லாம் அதற்குப் பொருத்தமான கேள்விகள். அறிவு பலரிடம் சிதறிக் கிடக்கும். முடிவு தெளிவாக அறிவிக்கப்படும். எவருடைய வீட்டுக் கதவும் திறக்கப்படாது.

சட்டத்தின் பக்கம் நமக்கு இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2025இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் எழுதப்படும் காலம் இது. விளையாட்டில் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கும் சட்டத்தை 2019இல் தெற்காசியாவிலேயே முதலில் கொண்டுவந்த நாடு, பந்தயம் எதைக் கெடுக்கும் என்பதை அறியாத நாடல்ல. நான் கேட்பது ஒரு விதி. 18 வயதுக்குக் குறைந்த எவருடைய கட்டுக்காப்பு, பிறப்பு, உடல்நலம் அல்லது வழக்கின் முடிவின்மீதும் இலங்கையில் எந்த உரிமத்தின்கீழும் பந்தயம் ஏற்கக்கூடாது. அப்படிப்பட்ட பந்தயத்தை விளம்பரப்படுத்தவும் கூடாது. பத்திரிகைகளுக்கும் இணையச் செய்தித் தளங்களுக்கும் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் வழக்கைப் பற்றிய செய்தியில் சந்தை விலையைப் பிரசுரிப்பதில்லை என்று ஆசிரியர் பீடம் இன்றே முடிவெடுக்கலாம்.